ஆறரை மணி முகூர்த்தத்துக்கு எந்தக் கேமரா?

சிரம்பான், ரந்தாவ், போர்ட்டிக்சன் பக்கத்துத் தோட்டங்களில் ஞாயிற்றுக்கிழமையானால் தோளில் கேமராவோடு கிளம்பும் இளைஞர்களைப் பார்க்கலாம். வார நாளில் செனவாங்கிலோ நீலாயிலோ வேலை, வார இறுதியில் கல்யாணப் படம். புதிதாக இதில் இறங்க நினைப்பவர் மூத்தவரிடம் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: “அண்ணே, எத்தனை மெகாபிக்சல் வாங்கலாம்?” அப்படிக் கேட்பதில் தப்பில்லை. கடையில் பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருப்பது அந்த எண்தான். ஆனால் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு கிளம்பினால் காசு போகக்கூடாத இடத்துக்குப் போய்விடும். நாம் அவசரப்படாமல், படம் எடுக்கப்போகும் இடத்திலிருந்து தொடங்குவோம்.

தோட்டத்துக் கல்யாணம் என்றால் பெரும்பாலும் மாரியம்மன் கோவிலை ஒட்டிய மண்டபம், இல்லையென்றால் டேவான் என்னும் தோட்டத்துப் பொதுக்கூடம். பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. லயத்து வீடுகளில் இருந்தவர்களில் பலர் தாமான் குடியிருப்புகளுக்குக் குடிபோய்விட்டார்கள். ஆனாலும் குலம் காத்த சாமி லாபுவிலும் லிங்கியிலும் சுவாபெத்தோங்கிலும் பகாவ் பக்கத்து ஜெராம் பாடாங்கிலும் அப்படியே இருப்பதால், கல்யாணத்துக்கு அங்கேயே திரும்பி வருகிறவர்கள் உண்டு. அந்த மண்டபத்தை மனக்கண்ணில் பாருங்கள். மேலே தகரக் கூரை, உத்தரத்தில் நாலைந்து குழல்விளக்கு. மணவறையில் மட்டும் அலங்காரக்காரர் மாட்டிய ஊதா நிற எல்இடி. நம் கண்ணுக்கு அது நல்ல வெளிச்சம். கேமராவுக்கு அது கிட்டத்தட்ட இருட்டு.

அதோடு நேரத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் காலை ஆறரைக்கு முகூர்த்தம் என்றால் ஆண்டின் பெரும்பகுதியில் வெயில் வந்திருக்கும். இங்கே அப்படியில்லை. 1982 ஜனவரி முதல் தேதி தீபகற்ப மலேசியா தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்தது. அதிலிருந்து சிரம்பானில் சூரியன் உதிப்பது ஏழு மணியை ஒட்டித்தான். பிப்ரவரியில் ஏழு இருபதையும் தாண்டும். ஆறரை மணித் தாலிக்கட்டு இங்கே விளக்கு வெளிச்சத்தில்தான் நடக்கிறது. சாயங்காலக் கல்யாணத்துக்கோ கேட்கவே வேண்டாம். ஆகவே நாம் வாங்கப்போகும் கருவியின் முதல் வேலை வெளிச்சம் சேர்ப்பது. மற்றதெல்லாம் அதற்குப் பின்னால்தான்.

வெளிச்சம் எப்படிச் சேர்கிறது? கேமராவுக்குள் பிலிம் இருந்த இடத்தில் இப்போது சென்சார் என்ற ஒரு சின்னத் தகடு இருக்கிறது. அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன மங்குகளை வரிசை வரிசையாக அடுக்கி வைத்திருப்பதாக நினைத்துக்கொள்வோம். பால்மரத்தில் கட்டிவைத்த மங்கில் பால் வடிவதுபோல், ஒவ்வொன்றிலும் வெளிச்சம் வந்து விழுகிறது. ஷட்டர் மூடியதும் எந்த மங்கில் எவ்வளவு சேர்ந்தது என்று கேமரா அளந்து படமாக்குகிறது. மெகாபிக்சல் என்பது இந்த மங்குகளின் எண்ணிக்கை. 24 மெகாபிக்சல் என்றால் 2 கோடியே 40 லட்சம் மங்கு. அவ்வளவுதான் அந்த எண் சொல்லும் சேதி. எவ்வளவு பால் சேர்ந்தது என்பதைப் பற்றி அது வாயே திறப்பதில்லை.

எல்லாரும் சறுக்குவது இந்த இடத்தில்தான், கொஞ்ச நேரம் நிற்போம். ஒரே அளவுத் தகட்டில் மங்கின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கினால் பால் இரட்டிப்பதில்லை, அதே பால் இரண்டிரண்டு சின்ன மங்குகளில் பிரிந்து விழுகிறது. 200 மெகாபிக்சல் கைபேசி வந்து சில ஆண்டுகள் ஆகின்றன. 2023இல் வெளிவந்த சாம்சங் எஸ்23 அல்ட்ராவில் ஒவ்வொரு மங்கின் அகலமும் 0.6 மைக்ரான். முழுச்சட்டக சென்சார் என்று சொல்லப்படும் 36க்கு 24 மில்லிமீட்டர் தகட்டில் 24 மெகாபிக்சல் இருந்தால் ஒரு மங்கின் அகலம் 6 மைக்ரான். அகலம் 10 மடங்கு என்றால் பரப்பு 100 மடங்கு. மங்கல் வெளிச்சத்தில் அந்தக் கைபேசியே என்ன செய்கிறது தெரியுமா? பதினாறு பதினாறு மங்குகளை ஒன்றாகச் சேர்த்துக்கொண்டு 12.5 மெகாபிக்சல் படமாகத்தான் தருகிறது. 200 என்று பெட்டியில் போட்டவர்களே இருட்டில் அந்த எண்ணைக் கைவிட்டுவிடுகிறார்கள்.

சரி, ஆல்பத்துக்கு எத்தனை வேண்டும்? கணக்குப் போட்டுவிடலாம். நல்ல அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி என்பது வழக்கம். 12க்கு 18 அங்குலப் பக்கம் முழுவதும் ஒரே படம் வைத்தால் 3600க்கு 5400, ஏறக்குறைய 19 மெகாபிக்சல். நம் ஆல்பங்களில் ஒரு பக்கத்தில் நாலைந்து படம் வைப்பதுதான் வழக்கம், அவற்றுக்கு இதில் பாதிகூடத் தேவையில்லை. 2005இல் வந்த கேனான் 5டி 12.8 மெகாபிக்சல்தான். அதில் எடுத்த கல்யாண ஆல்பங்களைப் பார்த்து, புள்ளி போதவில்லை என்று எந்த மாமியாரும் குறை சொன்னதாகக் கேள்வியில்லை. 20 முதல் 24 வரை இருந்தால் போதும், இந்தக் கேள்வியை இதோடு மூடிவிடலாம்.

இனி லென்ஸ். லென்ஸின் மேல் எஃப் 1.8, எஃப் 2.8, எஃப் 5.6 என்று எழுதியிருக்கும். எண் சின்னதானால் துவாரம் பெரிது என்பதுதான் புதியவரைக் குழப்பும். அது ஒரு வகுத்தல் கணக்கு. லென்ஸின் குவியத் தூரத்தை அந்த எண்ணால் வகுத்தால் துவாரத்தின் அகலம் வரும். 50 மிமீ லென்ஸில் எஃப் 1.8 என்றால் 50ஐ 1.8ஆல் வகுக்க, துவாரம் 28 மில்லிமீட்டர். எஃப் 5.6 என்றால் 9 மில்லிமீட்டர். மூன்று மடங்கு அகலம் என்றால் பரப்பில் ஏறக்குறைய 10 மடங்கு. அத்தனை வெளிச்சம் கூடுதலாக உள்ளே வருகிறது.

புதுக் கேமராவோடு பெட்டியில் வரும் 18–55 மிமீ லென்ஸை இழுத்து நீட்டினால் அது எஃப் 5.6தான். நம் மண்டபத்தில் தாலி கட்டும் கை ஆடாமல் விழ ஷட்டர் 1/125 நொடியாவது இருக்கவேண்டும். அதற்கு மேல் திறந்து வைத்தால் விரல்கள் கலங்கிவிடும். துவாரத்தையும் பெரிதாக்க முடியாது, நேரத்தையும் கூட்ட முடியாது என்றால் கேமரா மூன்றாவது வழிக்குப் போகிறது, அதன் பெயர் ஐஎஸ்ஓ. பலர் நினைப்பதுபோல் ஐஎஸ்ஓ வெளிச்சத்தைக் கூட்டுவதில்லை, சேர்ந்ததைப் பெருக்கிக் காட்டுகிறது. பாலில் தண்ணீர் ஊற்றினால் வாளி நிறையும். ஆனால் ஸ்டோரில் மெட்ரோலாக் என்ற அளவியை விட்டுப் பார்த்தால் ரப்பர் எவ்வளவு என்பது தெரிந்துவிடும் அல்லவா? ஐஎஸ்ஓவும் அப்படித்தான். படம் பளிச்சென்று தெரியும், பெரிதாக்கிப் பார்த்தால் முகமெல்லாம் மணல் தெளித்தது போல் இருக்கும். எஃப் 5.6இல் ஐஎஸ்ஓ 12800 கேட்கும் அதே இடத்தில் எஃப் 1.8 லென்ஸுக்கு 1300 போதும்.

இப்போது ஒரு கணக்கு, இந்தப் பத்தியில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்தால் இதை வையுங்கள். ஏபிஎஸ்-சி என்ற சின்னத் தகட்டின் பரப்பு முழுச்சட்டகத்தில் பாதிக்கும் குறைவு. ஒருவர் கடன் வாங்கி முழுச்சட்டகக் கேமரா எடுத்து, மிச்சக் காசுக்கு எஃப் 4 ஜூம் லென்ஸ் மாட்டுகிறார். இன்னொருவர் ஏபிஎஸ்-சி கேமராவில் எஃப் 1.8 லென்ஸ் மாட்டுகிறார். ஒரே மண்டபம், ஒரே ஷட்டர். யார் அதிக வெளிச்சம் சேர்ப்பார்? இரண்டாமவர், அதுவும் இரண்டு மடங்கு. ஆகவே காசைப் பிரிக்கும்போது லென்ஸுக்கு முதலில் ஒதுக்குங்கள். மீதியில் கேமரா உடலைப் பாருங்கள். கடைக்காரர் இதைத் தலைகீழாகத்தான் சொல்வார். ஆண்டுக்கு ஆண்டு புதிதாக வருவது உடல் என்பதால் அவருக்கு அதை விற்றாக வேண்டும்.

உடல் பழசாகும், லென்ஸ் அவ்வளவு சீக்கிரம் பழசாகாது. நிக்கானின் எஃப் பொருத்தி 1959இலிருந்தும், கேனானின் ஈஎஃப் பொருத்தி 1987இலிருந்தும் இருந்து வந்தவை. பொருத்தி என்றால் லென்ஸ் உடலோடு பூட்டிக்கொள்ளும் வளையம். இன்று உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் உடல்களுக்குப் புதுப் பொருத்திகள் வந்துவிட்டாலும், அடாப்டர் போட்டுப் பழைய ஈஎஃப் லென்ஸைக் கேனான் ஆர் வரிசையிலும், எஃப் லென்ஸை நிக்கான் இசட் வரிசையிலும் மாட்டலாம். நிக்கானின் எஃப்டிஇசட் அடாப்டரில் ஏஎஃப்-டி போன்ற பழைய லென்ஸ்களுக்கு மட்டும் தானாகக் குவியம் பிடிக்காது, அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

எந்த லென்ஸ்? தோட்டத்து மண்டபத்துக்கு என் பதில் 35 மிமீ எஃப் 1.8, அதற்கு அடுத்தது 85 மிமீ எஃப் 1.8. முழுச்சட்டகக் கேமராவில் 35 மிமீ லென்ஸுக்கு ஒரு வசதி உண்டு. எத்தனை மீட்டர் தள்ளி நிற்கிறோமோ ஏறக்குறைய அத்தனை மீட்டர் அகலம் படத்தில் அடங்கும். மணவறைக்கு முன் அக்கினி, அதைச் சுற்றி ஐயர், தோழி, கையில் கைபேசியோடு அத்தைமார். நமக்குக் கிடைப்பது இரண்டு மீட்டர் இடம்தான். 35இல் மணமகனும் மணமகளும் பின்னால் முடிச்சுப் போடும் நாத்தனாரும் அடங்குவார்கள். அதே இடத்தில் 85 மாட்டியிருந்தால் ஒரு முகமும் பாதி மாலையும்தான் வரும். 85க்கு வேலை வேறு: ஓரமாக நின்று, கெட்டி மேளம் கொட்டும்போது பெண்ணின் அப்பா முகத்தைப் பிடிப்பது. ஏபிஎஸ்-சி வைத்திருப்பவர் 35க்குப் பதில் 23 அல்லது 24, 85க்குப் பதில் 50 அல்லது 56 என்று பார்க்கவேண்டும். மலிவாகக் கிடைக்கிறதே என்று 50 மிமீ ஒன்றை மட்டும் ஏபிஎஸ்-சியில் மாட்டிக்கொண்டு வந்தால், பின்னால் போகப் போகச் சுவர்தான் முட்டும்.

பெரிய துவாரத்துக்கு ஒரு விலையும் உண்டு. முழுச்சட்டகத்தில், 85 மிமீயில் எஃப் 1.8 திறந்து இரண்டு மீட்டரில் எடுத்தால் தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய 6 சென்டிமீட்டர். பெண்ணின் கண் தெளிவு, ஒரு சாண் பின்னால் நிற்கும் மாப்பிள்ளை கலங்கல். மாப்பிள்ளை வீட்டார் இதைக் கலை என்று எடுத்துக்கொள்ளமாட்டார்கள். 35 மிமீயில் அதே தூரத்தில் ஆழம் 35 சென்டிமீட்டர் அளவுக்கு வரும், தாலிக்கட்டுக்கு அதனால்தான் அதைச் சொன்னேன். குடும்பப் படம், மூன்று வரிசை உறவினர் என்றால் எஃப் 5.6க்கோ 8க்கோ மூடி, பிளாஷ் போட்டோ, விடிந்த பிறகு மண்டபத்து வாசலில் நிறுத்தியோ எடுக்கவேண்டும்.

24–70 எஃப் 2.8 ஜூம் ஒன்றே போதாதா என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி, நிறையத் தொழில்காரர்கள் அதை வைத்தே சம்பாதிக்கிறார்கள். விலை அதிகம், எடை அதிகம், எஃப் 1.8ஐவிட வெளிச்சம் பாதிக்கும் குறைவு. மாதம் நாலு கல்யாணம் உறுதியான பிறகு வாங்கலாம். 70–200 எஃப் 2.8ஐ முதல் ஆண்டில் மறந்துவிடுங்கள். அந்த நீளத்தைக் கண்டால் கூட்டம் மரியாதையாக வழிவிடும் என்பது உண்மைதான். ஆனால் சின்ன மண்டபத்தில் அதை வைத்துக்கொண்டு நிற்க இடம் இருக்காது.

உடலைப் பொறுத்தவரை நான் விட்டுக்கொடுக்காத நிபந்தனை ஒன்றே ஒன்று: இரண்டு மெமரி கார்டு போடும் இடம் இருக்கவேண்டும். ஒரே படம் இரண்டிலும் பதியும், ஒன்று பழுதானாலும் மற்றொன்று இருக்கும். தாலிக்கட்டை மறுபடி நடத்தச் சொல்ல முடியாது. 2014இல் வந்த நிக்கான் டி750, 2018இன் சோனி ஏ7 III, 2020இன் கேனான் ஆர்6 எல்லாவற்றிலும் இரண்டு கார்டு உண்டு. 2017இன் கேனான் 6டி மார்க் II, 2018இன் முதல் நிக்கான் இசட்6, 2023இன் கேனான் ஆர்8 ஆகியவற்றில் ஒன்றுதான். புதியது என்பதால் இரண்டு இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். புத்தம் புது ஒற்றைக் கார்டு உடலைவிடப் பயன்படுத்திய டி750 ஒன்றும், அதே ரகத்தில் எஃப் 1.8 லென்ஸ் இரண்டும் கல்யாணத்துக்கு மேல். முடிந்தால் இரண்டாவது உடல் ஒன்றை, பழசாக இருந்தாலும், இரவலாக இருந்தாலும், மறு லென்ஸோடு கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். மேளம் கொட்டும்போது லென்ஸைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தால் முடிச்சு விழுந்துவிடும்.

மிரர்லெஸ் வாங்குகிறவருக்கு ஓர் எச்சரிக்கை. சத்தமில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டர் கோவிலுக்கு ஏற்றது என்று விளம்பரம் சொல்லும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கின்றன. எலெக்ட்ரானிக் ஷட்டர் தகட்டை மேலிருந்து கீழாகப் படிப்பதற்குள் விளக்கு சில தடவை மங்கிப் பிரகாசித்துவிடும். படத்தில் குறுக்கே பட்டை பட்டையாகக் கோடு. சத்தம் வந்தாலும் பரவாயில்லை, மெக்கானிக்கல் ஷட்டரை வையுங்கள். அப்போதும் பட்டை தெரிந்தால், 1/125ஐக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து 1/100க்கு இறங்கிப் பாருங்கள்.

நம் முகங்களைப் பற்றியும் ஒன்று. கேமராவின் வெளிச்ச அளவி, தன் முன் இருப்பதெல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எண்ணிக்கொள்ளும். பட்டு வேட்டி, வெள்ளைச் சட்டை, பின்னால் எரியும் விளக்குச் சரம் என்று சட்டகம் நிறைந்தால், அடடா இவ்வளவு வெள்ளையா என்று அது படத்தை இருட்டாக்கும், கறுத்த முகம் இன்னும் கறுத்துப்போகும். முகத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் முறைக்கு மாற்றுங்கள், அல்லது அளவைச் சற்றுக் கூட்டி வையுங்கள். படங்களை ரா வடிவில் பதியுங்கள். ஜேபெக் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான் வைத்துக்கொள்ளும், 14 பிட் ரா 16,384 படிகள் வைத்துக்கொள்ளும். ஊதா எல்இடியில் நனைந்த முகத்தைப் பிறகு கணினியில் ஓரளவாவது மீட்க அந்தப் படிகள் வேண்டும். முகத்தை வெளுப்பாக்கித் தருவதே திறமை என்று நினைக்கும் தொழில்காரர்களும் இருக்கிறார்கள், அவர்கள் வழி நமக்கு வேண்டாம்.

பிளாஷை மேலே திருப்பிக் கூரையில் பட்டுத் திரும்பவைக்கும் வித்தை ஓட்டல் மண்டபங்களில் பலிக்கும். வெள்ளைக் கூரை இல்லாத தகரக் கொட்டகையில் போன வெளிச்சம் போனதுதான். பக்கவாட்டில் சுண்ணாம்பு அடித்த சுவர் இருந்தால் அதில் அடிக்கலாம், இல்லையென்றால் வெள்ளைக் குடையோடு ஒரு பிளாஷைத் தனியாக நிறுத்தலாம். எதுவானாலும் ஐயரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

வாங்கியதைக் காப்பதில்தான் இந்த ஊர் நம்மைச் சோதிக்கும். காற்றில் ஈரம் அதிகம், லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். தோல் உறைக்குள் போட்டு அலமாரியில் வைப்பதைப்போல் அதற்கு விருந்து வேறில்லை. ஈரப்பதத்தை 40 முதல் 50 சதவீதத்தில் வைக்கும் உலர்பெட்டி வாங்குங்கள். கையில் காசில்லாவிட்டால் இறுக்க மூடும் பிளாஸ்டிக் டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் ஓர் ஈரமானியும் போதும். பயன்படுத்திய லென்ஸ் வாங்கும்போது கைவிளக்கைப் பின்பக்கம் பிடித்துப் பாருங்கள், சிலந்தி நூல் போல் தெரிந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். குளிரூட்டிய காரிலிருந்து இறங்கியதும் கேமராவை வெளியே எடுத்தால் கண்ணாடி பனி பூத்துவிடும். பையை மூடியபடியே கொஞ்ச நேரம் மண்டபத்தில் வைத்துவிட்டு எடுங்கள், அதற்காகவாவது முகூர்த்தத்துக்கு அரை மணி முன்னால் போய்ச் சேருங்கள்.

கடையின் வெளிச்சத்தில் எல்லாக் கேமராவும் நன்றாகத்தான் எடுக்கும். அதனால் காசைக் கொடுப்பதற்கு முன், வாங்க நினைக்கும் லென்ஸை நண்பரிடம் இரவலாகவோ வாடகைக்கோ வாங்கிக்கொண்டு உங்கள் தோட்டத்து மண்டபத்துக்கு விளக்கு வைத்த பிறகு போங்கள். ஒருவரை மணவறை இடத்தில் உட்காரவைத்து, 1/125 நொடியில் ஐஎஸ்ஓ எவ்வளவு கேட்கிறது என்று பாருங்கள், எடுத்த படத்தைக் கணினியில் பெரிதாக்கிப் பாருங்கள். மண்டபத்துச் சாவி பெரும்பாலும் ஆலயத் தலைவரிடமோ பூசாரியிடமோ இருக்கும். வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்ததும் கேட்டால் திறந்துவிடுவார்கள்.